வம்சாவளிப் பக்கத்தில் வந்த கடல்

காலமை எழும்பினவுடன் உலகத்தின் அடியில் காற்று எப்படி என்று பார்க்கிற என் பிருந்தாவுக்கு,

இன்றைக்கும் பார்த்துவிட்டேன். மேற்குக் காற்று. தென்னமெரிக்காவின் வால் நுனிக்கும் அந்தாட்டிக்கா மேலே நீட்டுகிற கைக்கும் இடையில், உம்முடைய டிரேக் நீரிணை முழுக்க ஊதா நிறம். அலைச் செயலியில் பச்சை என்றால் இறங்கிக் குளிக்கலாம், மஞ்சள் என்றால் யோசிக்கலாம், ஊதா என்றால் கடலை அதன்பாட்டில் விட்டுவிட வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தீரே, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகுதான் எங்கள் வீடு இருக்கிற வோபர்னில் என்ன குளிர் என்று பார்த்தேன். உமக்கு எப்போதும் அந்த ஒழுங்குதான்.

"மற்றச் சனம் ரொறன்ரோவுக்கு என்ன ஜக்கெற் போடுறதெண்டு பாக்குது, இவள் தென்துருவத்துக்கு வெளிக்கிடுறாள்" என்று குசினிக்குள் இருந்து உம்முடைய அம்மா சத்தம் போடுவா. இப்போது நான் பார்க்கிறேன். மாமி சத்தம் போடுவதில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, "எப்பிடியாம்?" என்று கேட்பா. "ஊதா, மாமி" என்பேன். "ம்" என்பா. எங்கள் வீட்டில் ஒரு காலைப்பொழுதின் பேச்சு அவ்வளவுதான்.

மேசை ஆடும். என் கால்தான். நீர் போனதிலிருந்து வலது கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. கோப்பைக்குள் தேத்தண்ணி சின்னச் சின்ன அலையாக எழும்பி விளிம்பில் முட்டும். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, பிருந்தா. வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கால் மட்டும் ஆடுகிறது. வேலை முடிந்தால் வீட்டுக்கு வரப் பிடிக்காமல் பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். வந்தால் யன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன். மாமி இதை அந்தரம் என்கிறா. அந்தரத்துக்கு மருந்து உண்டா? மருந்துக்கடையில் வேலை செய்த உம்மிடம்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கடிதம் உம்முடைய ஆட்டைத் திவசத்துக்கு அடிக்கிற மலரில் வரும். ஒரு வருசம் முடிகிறது. ஆகவே எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசிப்பார்கள். வாசிக்கட்டும். போன மலரில் நான் விட்ட பிழைக்கு அவர்களுக்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. உமக்கு அதை ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. வந்தவர்களுக்கு நாங்கள் கல்வெட்டு என்கிற நினைவுமலர் கொடுப்போம்தானே. அட்டையில் உம்முடைய படம், உள்ளே சிவபுராணம், வாழ்க்கைக் குறிப்பு, நன்றி நவிலல். நடுவில் இரண்டு பக்கத்தை விரித்தால் வம்சாவளி. பூட்டன் பூட்டியில் தொடங்கி, யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த நாட்டில் என்று கிளை கிளையாய்ப் போகும். சனம் சிவபுராணத்தைப் புரட்டிவிட்டு நேரே அதற்குத்தான் வரும், தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க.

அச்சகத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பியவன் நான். கணினியில் உம்முடைய பெயரில் இருந்த கோப்புறையைத் திறந்தேன், நடுப்பக்கத்துக்கு ஒரு படத்தை இழுத்துப் போட்டேன், அனுப்பினேன். அந்த நாட்களில் கைகள் தங்கள்பாட்டில் வேலை செய்தன. நான் அவற்றோடு இருக்கவில்லை.

மண்டபத்தில் எல்லாரும் விரித்தார்கள். மேலே பூவேலைப்பாட்டோடு 'வம்சாவளி' என்று கொட்டை எழுத்து. கீழே பூட்டனும் இல்லை, பூட்டியும் இல்லை. ஒரு கடல். நீர் எங்கள் பிறிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தீரே, டிரேக் நீரிணையின் ஆழப்படம், அதுதான்.

முதலில் கண்டது உம்முடைய அப்பாவின் தம்பி, குஞ்சியப்பு. ரூஜ் ஆற்றுப் பக்கம் பெரிய வீடு வாங்கின பிறகு அவருக்கு எந்த மண்டபத்திலும் முன் கதிரைதான், உமக்குத் தெரியும்.

"தம்பி, வம்சாவளியெண்டு போட்டுக் கிடக்கு. இதிலை நான் எங்கை நிக்கிறன்?"

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உது பாக்குநீரிணை எல்லே," என்றா பக்கத்து மேசை அன்ரி ஒருவர். "மேலை இந்தியா, கீழை எங்கடை பக்கம்."

"அப்ப நெடுந்தீவு எங்கை?"

"உந்தா, உந்தக் குறுணி."

"பொறுங்கோ, இஞ்சை இங்கிலீசிலை எலிபன்ற் எண்டு எழுதிக் கிடக்கு."

"அப்ப ஆனையிறவு! பெடியன் சரியாத்தான் போட்டிருக்கிறான்."

"ஆனையிறவு எப்ப கடலுக்கை போனது?"

"நீங்கள் ஊரை விட்டு வந்து எவ்வளவு காலம், அங்கிள்? எல்லாம் மாறிப்போச்சு."

அது அந்தாட்டிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற யானைத் தீவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குஞ்சியப்பு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "அது கிடக்கட்டும். உந்தா கிழக்காலை கோழிக்கழுத்து மாதிரி ஒண்டு வளைஞ்சு போகுதே. உது என்ன?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் மாமி வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தா. தலைப்பைப் பார்த்தா, கடலைப் பார்த்தா. பிறகு கதிரையில் இருந்து சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. தோள் இரண்டும் குலுங்கியது. இரண்டு அன்ரிமார் ஓடி வந்து முதுகைத் தடவி, "அழாதேங்கோ, அக்கா, அழாதேங்கோ" என்றார்கள். எனக்கு மட்டும் முகம் தெரிந்தது. மாமி சிரித்துக்கொண்டிருந்தா. என் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள், "இது அவள் செய்விச்ச வேலை, தம்பி" என்றா.

அது நீர் போன பிறகு மாமி என்னிடம் நேரே சொன்ன முதல் வசனம் என்று நினைக்கிறேன்.

படத்தைப் பற்றி ஆட்கள் இன்னும் கேட்கிறார்கள். ஆகவே நீர் சொன்னதையெல்லாம் ஒரு வருசமாக என் தொழிலின் பாஷையில் திரும்பப் படித்தேன். எனக்குத் தெரிந்தது காற்றுக் குழாய்தான். புதுக் கொண்டோக் கட்டடங்களில் ஒவ்வொரு அறைக்கும் போகிற காற்றை அளந்து, கூடினதைக் குறைத்து, குறைந்ததைக் கூட்டுவது என் வேலை. அகலமான குழாயில் காற்று சோம்பலாய்ப் போகும். ஒடுங்குகிற இடத்தில் விழுந்தடித்து ஓடும், ஊளையிடும்.

டிரேக் நீரிணையும் ஒடுக்கம்தான். அந்தாட்டிக்காவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்கே ஒரு கடலோட்டம் ஓயாமல் ஓடுகிறது. பசிபிக், அத்திலாந்திக், இந்து சமுத்திரம் எல்லாவற்றையும் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து, நிற்காமல் திரும்பவும் போகிறது. அப்படிப் போகிற வழியில் இரண்டு கண்டங்கள் கிட்டக் கிட்ட வந்து கழுத்தை நெரிக்கிற ஒரே இடம் இது. ஒடுக்கம் என்கிறேன், ஆனால் அகலம் எண்ணூறு கிலோமீற்றர். கப்பலுக்கு இரண்டு நாள்.

அதற்கு மேல் காற்று. அந்த அகலக்கோட்டில் உலகத்தை முழுச் சுற்றுச் சுற்றினாலும் தரை இல்லை. மறித்து நிற்க ஒரு மலை இல்லை, ஒரு பனைமரம் இல்லை. நீர் ஒருநாள் குசினி மேசையில் மாவைக் கொட்டி, விரலால் உலகத்தைக் கீறிக் காட்டினீர்.

"எங்கடை கச்சான் காத்து அடிச்சால் எங்கையாவது ஒரு கரையிலை முட்டி அடங்கும். உங்கை முட்ட ஒண்டும் இல்லை, பாருங்கோ. தன்ரை வாலைத் தானே துரத்துற கச்சான்."

"உந்த மாவை ஆர் கூட்டி அள்ளுறது?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான். நான் இப்ப கடலிலை நிக்கிறன்."

எனக்கு ஒரு கேள்வி எப்போதும் இருந்தது. நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணப் பக்கம் போகிற அந்தக் குட்டிக் கடலிலேயே ஒவ்வொரு முறையும் வயிறு புரட்டிச் சத்தி எடுத்தவர் நீர். மாமிதான் சொன்னா, படகு வெளிக்கிட முதலே தொடங்கிவிடுவீர் என்று. அப்படிப்பட்டவருக்கு உலகத்திலேயே மோசமான கடல் எதற்கு? கேட்டபோது நீர் சொன்னது: "சின்னக் கடல் என்னை வெண்டு போட்டுது. பெரிய கடலிட்டைத் தோத்தால் ஒரு மரியாதையாவது இருக்கும்." இது பகிடியா, உண்மையா? நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.

போன கிழமை சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனேன். அலுவல் ஒன்றும் இல்லை. கால் கொண்டு போனது. நான் அம்மா அப்பாவோடு அகதியாய் வந்து இறங்கிய கட்டடம் அப்படியே நிற்கிறது. அம்மாவும் அப்பாவும் மொன்றியலில் அக்காவோடு இருப்பதால் அங்கே இப்போது எனக்கு ஒருவரும் இல்லை. நீர் கனடாவுக்கு வந்த முதல் குளிருக்கு, நான் வளர்ந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று உம்மை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு உயரக் கட்டடத்துக்கு நடுவில் வந்தபோது காற்று உம்முடைய சால்வையை உருவிக்கொண்டு போனது. நான் அதைத் துரத்தி ஓட, நீர் ஓடாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றீர். "இஞ்சை பாருங்கோ! இதுதான் உங்கடை டிரேக்!" என்று கத்தினீர். பல்லெல்லாம் நடுக்கம்.

அந்த இடத்தில் போய் நின்றேன். காற்று அப்படியே அடிக்கிறது. ஒரு பெடிச்சி என்னைச் சுற்றிக்கொண்டு போனாள், பைத்தியம் என்று நினைத்திருப்பாள். எனக்குக் குளிர் தெரியவில்லை. குளிர் தெரியாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. பல் தீட்டிக்கொண்டே, "தலையிடிக்குது, இண்டைக்குப் பிந்தித்தான் வேலைக்குப் போவன்" என்றீர். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மூளைக்குள் ஒரு குழாய், அதில் ஒரு மெல்லிய இடம் என்று வைத்தியர் தாளில் கீறிக் காட்டினார். எனக்குக் கீறிக் காட்டத் தேவையில்லை. அமுக்கம், மெல்லிய சுவர். இது என் தொழில், பிருந்தா. கட்டடங்களில் நான் அதை முதலே பிடித்துவிடுவேன்.

உம்முடைய அஸ்தியைக் கரைக்க ஊருக்கு, கீரிமலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சிலர் நின்றார்கள். மாமிதான், "அவள் இருந்த ஊரிலை விடுவம்" என்றா. ரூஜ் ஆறு ஏரிக்குள் விழுகிற இடத்தில், கரை ஓரத்து ஐஸ் உடைத்துக் கரைத்தோம். எனக்கு அந்த நேரத்திலும் கணக்குத்தான் ஓடியது. இந்த ஏரி சென் லோறன்ஸ் ஆறாகும், ஆறு அத்திலாந்திக்கில் விழும், அத்திலாந்திக் தெற்கே போய் அந்தச் சுற்றுகிற ஓட்டத்தில் சேரும். எவ்வளவு காலம் எடுக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் தொடர்பு இருக்கிறது. அப்படிப் பார்த்தால் எங்களுக்கு முன்னமே வெளிக்கிட்டுவிட்டீர்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்றைக் கண்டேன். எனக்கும் மாமிக்கும் கதைக்கத் தெரியாது.

யோசித்துப் பாரும். நாங்கள் ஒரே வீட்டில் இருந்த காலம் முழுக்க மாமி உம்மிடம்தான் சொல்வா. "தம்பிக்குச் சோறு காணுமோ எண்டு கேள்." நான் பக்கத்தில்தான் இருப்பேன். "காணுமாம் எண்டு சொல்லும்" என்று நானும் உம்மிடமே சொல்வேன். நீர் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி, "நான் என்ன ரெலிபோன் வயரோ?" என்று ஏசுவீர். நீர் இல்லாத மேசையில் இரண்டு பேர் இருந்தோம். மாமி சோற்றுக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பா. கேட்கத் தெரியாது. எனக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. கடைசியில் சோறு விழுந்துவிடும்.

முன்பு தென்னமெரிக்காவும் அந்தாட்டிக்காவும் ஒரே தரையாக இருந்ததாம். இடையில் இருந்த தரை போய், கடல் புகுந்து, அந்தச் சுற்று ஓட்டம் ஓடத் தொடங்கினதாம். சூடான தண்ணி கிட்டவர வழியில்லாமல் அந்தாட்டிக்கா மெல்ல மெல்ல உறைந்து போனதில் அதற்கும் பங்கு உண்டு என்கிறார்கள். எந்தக் காலத்தில் அறுந்தது என்று விஞ்ஞானிகளுக்குள் இன்னும் பிடுங்குப்பாடு. எங்கள் வீட்டில் அதில் பிடுங்குப்பாடு இல்லை.

புரட்டாதி மாதம் லண்டனில் இருந்து உம்முடைய தம்பி ரமணன் ரெலிபோன் எடுத்தான். "அத்தான், திவசம் முடிய அம்மாவை என்னட்டைக் கூப்பிடுறன். நீங்கள் யோசிக்காதேங்கோ. உங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்குத்தானே." நல்ல பெடியன். ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. நான் "ஓம்" என்றேன். எதைக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குஞ்சியப்பு வந்தார். மாமி உள்ளே தேத்தண்ணி போட, அவர் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினால் அடுத்த வீட்டுக்கு மட்டும் கேட்காது.

"தம்பி, நான் சொல்லுறனெண்டு கோவிக்காதையும். பிள்ளை இல்லை. குஞ்சு குருமன் ஒண்டும் இல்லை. பெஞ்சாதி இல்லாத வீட்டிலை மாமி என்ன முறையிலை இருக்கிறது? நாளைக்கு நீர் ஒரு கலியாணம் கட்டினால், வாறவள் அவவை ஆரெண்டு கூப்பிடுறது?"

கால் ஆடியது. உள்ளே கேத்தில் கொதித்து நின்ற பிறகும் மாமி கனநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த நாள் மாமியின் அறையில் சூட்கேஸ் கட்டிலுக்கு மேலே ஏறியிருந்தது. வாய் திறந்தபடி. ஒவ்வொரு நாளும் அதற்குள் ஏதாவது ஒன்று போகும். ஒரு கம்பளிச் சட்டை. சாமிப்படம். உம்முடைய மருந்துக்கடை நீலக் கோட்டு. நான் கதவடியால் போகும்போது பார்ப்பேன். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரித்து? இருங்கோ என்று சொல்ல எந்த வாய்? மாமி எனக்கு யார் என்று நானே யோசித்துக்கொண்டு பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரைக்கும் போய் வந்தேன்.

அந்தக் கிழமைதான் கப்பல்காரர்கள் எடுத்தார்கள்.

உமக்குச் சொல்லத் தேவையில்லை. நீர் போவதற்கு முதல் மாதம் நாங்கள் பதிவு செய்தது. வருகிற மாசி மாதம், ஆர்ஜென்ரீனாவின் தென்கோடியில் உசுவாயாவில் ஏறி, டிரேக்கைக் கடந்து போய் வருவது. நான் அதை ரத்துச் செய்யவும் இல்லை, நினைக்கவும் இல்லை. தொலைபேசியில் ஒரு பெண் பிள்ளை, மிகப் பணிவாக, பயணிகள் இரண்டு பேரும் உறுதிதானா என்று கேட்டா. உமக்கு நடந்ததை நான் சொன்னேன். பிறகு, "இரண்டாவது பெயரை மாற்றுகிறீர்களா, அல்லது எடுத்துவிடவா?" என்று கேட்டா.

எடுத்துவிடவா என்று கேட்டால் என்ன சொல்வது, பிருந்தா? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

போகவேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீர் பார்க்க ஆசைப்பட்ட கடலை நான் போய்ப் பார்த்து என்ன செய்ய? ஆனால் அந்தக் கல்வெட்டை எடுத்து நடுப்பக்கத்தை விரித்தேன். குஞ்சியப்பு கேட்ட கோழிக்கழுத்து உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்னவென்று தேடினேன்.

அது மலை. தென்னமெரிக்கா நீளத்துக்கும் வருகிற அந்தீஸ் மலைத்தொடர் வால் நுனியில் முடியவில்லை. கடலுக்குள் இறங்கி, கிழக்கே கனதூரம் போய், அங்கங்கே தீவாகத் தலையைக் காட்டி, வில் மாதிரி வளைந்து, திரும்பி மேற்கே வந்து, அந்தாட்டிக்காவின் கையில் மலையாக ஏறுகிறது. நேரே பார்த்தால் நடுவில் கடல். சுற்றிப் பார்த்தால் அடியால் தொடுப்பு இருக்கிறது. இத்தனை வருசம் எங்கள் பிறிட்ஜ் கதவில் அது இருந்திருக்கிறது. நான் பால் எடுக்கும்போதெல்லாம் அதைத் திறந்து மூடியிருக்கிறேன்.

மாமியைக் கூப்பிட்டேன். நானாகக் கூப்பிட்டேன், பிருந்தா. "மாமி, ஒருக்கால் வாங்கோ."

மாமி கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து இருந்தா. நான் விரலால் காட்டினேன். மாமி தன் விரலை வைத்து அதே வழியால் மெல்லப் போனா. இடையில் ஒரு தீவில் விரலை நிற்பாட்டி, இளைப்பாறிவிட்டுத் திரும்பப் போனா.

"அப்ப தொடுப்பு அறேல்லை," என்றா.

"இல்லை, மாமி. சுத்திப் போகுது."

"சரியான சுத்து."

"ஓம்."

மேசை ஆடியது. மாமி படத்திலிருந்து தலை நிமிராமல், "காலை நிப்பாட்டுங்கோ, தீவெல்லாம் அசையுது" என்றா. எனக்கு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு வாய் திறந்தது.

"மாமி, நீங்கள் வாறியளோ?"

"எங்கை?"

"உங்கை." விரலால் காட்டினேன்.

மாமி என்னைப் பார்த்தா. எனக்குச் சுகமில்லையோ என்று பார்க்கிற மாதிரி. "எனக்கென்ன விசரோ? கப்பலிலை ஆர் என்னை ஏத்துவினம்?"

"ஏத்துவினம். பிருந்தாவின்ரை இடம் இருக்கு. உங்கடை கனடாப் பாஸ்போட்டும் இருக்கு." கோடையில் வந்ததுதானே அது, நீர் விண்ணப்பித்து வைத்தது.

"சீலையோடை நிக்கலாமோ உங்கை?"

"உள்ளுக்கை என்னத்தையும் உடுக்கலாம். மேலை பலூன் மாதிரி ஒரு ஜக்கெற் தருவினம்."

"ஒரே அறையோ?" குரல் கொஞ்சம் கடுமையானது.

"சீச்சீ. தனிய வாற பொம்பிளையளுக்கு வேறை அறை இருக்காம். அவுஸ்திரேலியாவிலை இருந்து ஒரு ரீச்சர் வாறாவாம், அவவோடை."

"அவ மச்சம் மாமிசம் சாப்பிடுவாவோ?"

"கேட்டுச் சொல்லுறன், மாமி."

உம்முடைய மருந்துப்பெட்டியில், காதுக்குப் பின்னால் ஒட்டுகிற சத்தி மருந்துப் பட்டிகள் இருந்தன. பயணத்துக்கென்று நீர் கடையிலிருந்து வாங்கி வைத்தவை. கொண்டுவந்து மேசையில் வைத்தேன். மாமி ஒரு விரலால் அதை என் பக்கம் தள்ளினா.

"உது எனக்குத் தேவையில்லை. படகிலை நான் ஒருநாளும் சத்தி எடுத்ததில்லை. அவளைப் பிடிச்சுக்கொண்டு இருந்ததே நான்தானே. நீங்கள் ஒட்டுங்கோ. அதையும் மீறி எடுத்தியளெண்டால் நான் பாக்கிறன்."

அப்படிச் சொல்லிவிட்டு எழும்பினா. இரண்டடி நடந்து, குசினி வாசலில் நின்றா. முதுகு என் பக்கம்.

உமக்குத் தெரியும், எங்கள் ஆட்கள் வெளிக்கிடும்போது போறன் என்று சொல்லமாட்டார்கள். போட்டு வாறன், அதாவது போய்த் திரும்பி வாறன் என்றுதான் சொல்வார்கள். மாமி அப்படித் திரும்பாமலே கேட்டா.

"போட்டு எங்கை வாறது, தம்பி?"

மாமி கேட்டது கப்பலைப் பற்றி இல்லை. கட்டிலில் சூட்கேஸ் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே நீர் போட்ட நீலக் கோட்டு. பதில் சொல்ல வேறு ஆள் இல்லை, நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்ல நீர் இல்லை.

"வீட்டை, மாமி," என்றேன். "இஞ்சை."

மாமி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினா. பிறகு, "அப்ப ரமணனுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ. நான் சொன்னால் அவன் அழுவான்" என்றா. குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டா. தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பாத்திரச் சத்தமும் வரவில்லை. நான் எழும்பிப் போகவில்லை. மாமிக்கு அந்தச் சத்தம் தேவையாயிருந்தது.

ரமணன் அழுதான்தான். பிறகு, "அத்தான், அம்மா பெங்குயினைக் கண்டால் அதுக்கும் சாப்பாடு போடுவா, மறியுங்கோ" என்றான். லண்டனுக்குக் கோடையில் ஒரு மாதம் மாமி போய் நின்று வருவா. போட்டு வருவா.

குஞ்சியப்பு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மலரை அவர்தான் முதலில் விரிப்பார். குஞ்சியப்பு, கோழிக்கழுத்து என்னவென்று இப்போது சொல்லிவிட்டேன். மற்றக் கேள்வி, மாமி என்ன முறையில் இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்குப் பதிலைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றாமல் வாசியுங்கோ.

உமக்கு இன்னும் கொஞ்சம் புதினம் இருக்கிறது. சூட்கேஸ் கட்டிலிலேயே இருக்கிறது, ஆனால் உள்ளே இப்போது கைமேசும் காலுறையும். மாமி சப்பாத்துப் போட்டு வீட்டுக்குள் நடந்து பழகுறா. கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் வந்து கதவைத் தட்டினார். நேற்று மாமி என்னிடம் நேரே, "தம்பி, சோறு காணுமோ?" என்று கேட்டா. "காணும், மாமி" என்றேன். இரண்டு பேரும் கொஞ்சம் திடுக்கிட்டுப் போனோம்.

அழுகை இன்னும் வரவில்லை. அது கடல் நடுவில் வருமா, வராமலே போகுமா, எனக்குத் தெரியாது. கப்பல் முதலில் ஒடுங்கிய கால்வாய் ஒன்றால் அமைதியாகத்தான் போகுமாம், பிறகு திடீரென்று எல்லாம் ஆடத் தொடங்குமாம். பாதி வழியில் வடக்குத் தண்ணியும் தெற்குத் தண்ணியும் முட்டுகிற இடம் ஒன்று வரும். பனிப்புகார் மூடும், குளிர் பட்டென்று இறங்கும், வேறு பறவைகள் தெரியும் என்று நீர் சொல்லியிருக்கிறீர். அந்தக் குளிர் எனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் போகிறேன் என்று நினைக்கிறேன். அதோடு, அங்கே எல்லாமே ஆடும். என் கால் ஆடுவதை ஒருவரும் காணமாட்டார்கள்.

இந்த மலரின் நடுப்பக்கத்தை இந்த முறை நானே கவனமாகப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். அதே படம். மேலே அதே தலைப்பு. அச்சகக்காரர் எடுத்து, "தம்பி, போன முறை மாதிரிப் பிழை வரப்போகுது" என்றார். பிழை இல்லை, அப்படியே போடுங்கோ என்றேன்.

அந்தத் தண்ணிகள் முட்டுகிற இடத்தில் மாமியைக் கையில் பிடித்து மேல்தளத்துக்குக் கொண்டுவருவேன். காற்று எப்படி என்று மாமி கேட்பா. செயலியைப் பார்க்காமல் முகத்தைக் காற்றுக்குக் காட்டிப் பார்த்து, என்ன நிறம் என்று உம்முடைய காதில் விழுகிற மாதிரிச் சத்தமாய்ச் சொல்வேன். சொல்லிவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்கு வருவோம். இது சத்தியம்.

உம்முடைய அம்மாவின் மருமகன்,
செந்தூரன்